சக்தி

சென்னையின் தென்பால், கிண்டி வனத்தை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2014-ஆம் ஆண்டில் 'சக்தி' என்னும் கணிப்பொறிச் செயலியை வடிவமைக்கத் தொடங்கினர். அமெரிக்காவின் பெர்க்கிலியில் 2010-இல் தோன்றி, யாவர்க்கும் பொதுவாக்கப்பட்ட 'ரிஸ்க்-ஃபைவ்' கட்டளைத் தொகுதியே அதற்கு அடிப்படை. தம் வடிவத்தை அவர்களும் மறைத்து வைத்தாரல்லர். எவரும் கட்டணமின்றிக் கற்கவும் திருத்தவும் விற்கவும் உரிமை நல்கினர்.

மென்பொருளில் பிழை நேரின், திருத்தி அனுப்பிவிடலாம். சிலிக்கான் சில்லில் பொறித்த பிழையோ அழியாது. சில்லையே புதிதாகச் செய்தல் வேண்டும். ஆதலின், பொறிக்குமுன் பலரும் கூர்ந்து நோக்குதல் இன்றியமையாதது. வரைபடத்தைக் கொடுப்பது எளிது. அதனைப் படிக்க வல்லாரைப் பெருக்குவதே அரிது. அதன்பொருட்டுக் கையேடுகளையும் வெளியிட்டனர்.

2018-இல் அமெரிக்க ஆலையொன்றில் உருவான சில்லில் லினக்ஸ் இயங்கிற்று. அவ்வாண்டிலேயே சண்டிகரை அடுத்த நம் அரசின் ஆலையிலும் மற்றொரு சில்லு உருவாயிற்று.