ரூபாய்த் தூணும் மூட்டைத் தூணும்

கடையின் மாத விற்பனையை வரைபடமாகப் போட்டு வைக்கும் பழக்கம் நம்மவர்களில் சிலருக்கு உண்டு. நல்ல பழக்கம். இந்தக் கலையே வியாபாரக் கணக்கில் வளர்ந்ததுதான். 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டார். ஆனால் காகிதத்தில் வரைந்த படத்திடம் மறு கேள்வி கேட்க முடியாது. கணிப்பொறியில் நிரல் எழுதி வரைந்தால் கேட்கலாம்.

2015-ல் துவரம்பருப்பு சில நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதுபோன்ற சமயத்துக்கு ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். கிலோ 80 ரூபாய் விற்றபோது மாதம் 50 கிலோ மூட்டை 40 போயிற்று. வரவு 1,60,000 ரூபாய். விலை 150 ஆனபின் 28 மூட்டை, வரவு 2,10,000. ரூபாய்ப் படத்தில் தூண் உயர்ந்து நிற்கும், நாமும் கல்லாவைப் பார்த்து மகிழ்வோம். 12 மூட்டைக்கான வாடிக்கை எங்கே போயிற்று?

இங்கேதான் ஒரு பொத்தான் வேண்டும். 'ரூபாய்' என்பதை 'மூட்டை' என்று மாற்றினால் அதே தூண் கீழே இறங்கிவிடும். அடுத்து, சரக்குப் பட்டியலில் மசூர்ப் பருப்பைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். அது ஏறியிருந்தால் வாடிக்கையாளர் மலிவுச் சரக்குக்கு மாறியிருக்கலாம். கடையை விட்டுப் போகவில்லை. எந்தப் பருப்பும் ஏறவில்லை என்றால் அடுத்த தெருவை விசாரிக்க வேண்டியதுதான்.

நிரலில் நடப்பது இவ்வளவே. மாதம், சரக்கு, மூட்டை, ரூபாய் என்று நான்கு கட்டம் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு தூணோடு கட்டப்படுகிறது. எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்தக் கட்டத்தின் எண்ணை எடுத்துத் தூணின் உயரம் மாறுகிறது. தூண்மேல் சுட்டியை வைத்தால் சரியான தொகை தெரிய வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. 2011-ல் வந்த டி-3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு இதற்கென்றே உள்ளது, இலவசம். கணிப்பொறி படித்த பிள்ளைகள் வீட்டிலேயே எழுதித் தருவார்கள்.

பிள்ளைகளுக்குத் தெரியாதது நம் பேரேடுதான். ஒரு பில்லில் 'துவரை', இன்னொன்றில் 'து.பருப்பு' என்று எழுதினால் நிரல் அவற்றை இரண்டு சரக்காகப் பிரித்துவிடும். சில்லறையாகப் போன கிலோவையும் மூட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தூண்களின் அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று அவசியம் பாருங்கள். 25-ல் தொடங்கினால் 28 மூட்டைத் தூண் தரையோடு ஒட்டிக் கிடந்து வீணே பயமுறுத்தும். கைப்பேசியில் சுட்டி கிடையாது. ஆகவே விரலால் தொட்டாலும் தொகை தெரியும்படி எழுதச் சொல்லுங்கள். கொள்முதலுக்கு மண்டியில் நிற்கும்போது நம் கையில் இருப்பது கைப்பேசிதானே.