ஐஸ் பெட்டிக்குள் உறையாத இதயம்

நம்பிக்கை: தானமாகப் பெற்ற உறுப்பை ஐஸ் பெட்டியில் உறையவைத்தால் நாள்கணக்கில் கெடாது.

உண்மை: பெட்டியில் ஐஸ் உண்டு, உறுப்பு உறைவதில்லை, உறையவும் கூடாது. பாதுகாப்புத் திரவத்தில் அமிழ்த்தி, பைக்குள் பையாகக் கட்டி, நொறுக்கிய ஐஸுக்கு நடுவே வைக்கிறார்கள். அப்படியும் இதயம் தாங்குவது 4 முதல் 6 மணி நேரம்தான். ஆம்புலன்ஸுக்காகச் சாலையையே காலி செய்து தருவது அதனால்தான்.

நம்பிக்கை: கருமுட்டையையே உறையவைக்கிறார்கள், சிறுநீரகம் எம்மாத்திரம்?

உண்மை: ஃப்ரீசரில் கிடந்த தக்காளியை வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் கொழகொழத்து நீர் விட்டுவிடும். உள்ளே உருவான பனி ஊசிகள் செல்களைக் கிழித்துவிட்டன. உறுப்புக்கும் இதே கதிதான். அதனால் ஆராய்ச்சியாளர்கள் உறைதடுப்பு வேதிப்பொருள்களை ரத்தக்குழாய் வழியே ஏற்றி, பனி பிடிக்க அவகாசமே தராமல் மைனஸ் 150 டிகிரிக்குக் கொண்டுபோகிறார்கள். உறுப்பு கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. ஆனால் குளிர்விப்பதைவிடச் சூடேற்றுவது கடினம். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால் விரிசல் விழும். மெதுவாக ஏற்றினால் பனி முளைக்கும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் பிஷாஃப், எரிக் ஃபிங்கர் குழுவினர் எலியின் சிறுநீரக ரத்தக்குழாய்களில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை நிரப்பி, காந்தப்புலத்தால் உள்ளும் புறமும் ஒரே சீராகச் சூடாக்கினார்கள். 100 நாள் வரை சேமித்தவற்றை 5 எலிகளுக்குப் பொருத்தினார்கள். அந்த எலிகளுக்கு வேறு சிறுநீரகம் இல்லை. முதல் சில வாரங்கள் தடுமாறிய உறுப்பு, 30 நாளில் இயல்பாக வேலைசெய்தது. 2023இல் வெளியான இந்த முடிவு என்னைப் பொறுத்தவரை பெரிய திருப்பம். ஆனால் எலியின் சிறுநீரகம் ஒன்றிரண்டு கிராம். நம்முடையது 150 கிராம் அளவு. அவ்வளவு பெரிய உறுப்பை மனிதருக்குப் பொருத்தும் நாள் இன்னும் வரவில்லை.

நம்பிக்கை: இந்த ஆராய்ச்சிக்குப் போகும் பணம், உடலை உறையவைத்துப் பிறகு உயிர்த்தெழ நினைக்கும் பணக்காரர்களுக்காகத்தான்.

உண்மை: அபாண்டம். மினசோட்டா பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் நடத்தும் ஆராய்ச்சி மையத்துக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2020இல் 2.6 கோடி டாலர் ஒதுக்கியது. அது பொதுப் பணம். பொருத்தமான நோயாளியைப் பதற்றமில்லாமல் தேட அவகாசம் கிடைக்க வேண்டும், உறுப்பு வீணாகக் கூடாது என்பதற்காகவே அது செலவாகிறது.

நம்பிக்கை: உறுப்பு வங்கி வந்துவிட்டால் தானம் தேவைப்படாது.

உண்மை: வங்கியில் வைக்கவும் யாராவது தந்தாக வேண்டும். தானம் செய்ய விருப்பமிருந்தால் இன்றே வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். மூளைச்சாவு நேர்ந்தால் மருத்துவர்கள் சம்மதம் கேட்பது அவர்களிடம்தான்.