சென்னம்மாவா, மங்கம்மாளா?

நான்காம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி சென்ற மாதம் பள்ளியிலிருந்து வந்ததும் கேட்டாள்: "தாத்தா, என் தோழிக்கு ராணி சென்னம்மா இருக்கிறார். நமக்கு யார் இருக்கிறார்?" ராணி மங்கம்மாள் என்றேன். "இருவரில் யார் பெரியவர்?" என்று அடுத்த கேள்வி வந்தது. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, பொம்மனஹள்ளியில் மகன் வீட்டில் இருக்கும் எனக்கு அதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பிறகு படித்து அறிந்ததை நம் பிள்ளைகளுக்காக இங்கே தருகிறேன்.

எந்தச் சென்னம்மா?

பெங்களூரிலிருந்து மீரஜ் வழியே செல்லும் ராணி சென்னம்மா எக்ஸ்பிரஸ், 1824இல் ஆங்கிலேயரை எதிர்த்த கித்தூர் சென்னம்மாவின் பெயரைத் தாங்கியது. அவருடைய தளபதி சங்கொள்ளி ராயண்ணாவின் பெயரே பெங்களூர் ரயில் நிலையத்திற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. மங்கம்மாளின் காலத்தவர் வேறொரு சென்னம்மா. அவர் மலைநாட்டில் பிதனூரைத் தலைநகராகக் கொண்டு 1672 முதல் 1697 வரை ஆண்ட கேளடி சென்னம்மா.

ஒரே சுமை, இரு பாலங்கள்

இருவரும் கணவரை இழந்தபின் பொறுப்பேற்றவர்கள். சென்னம்மா, கணவர் சோமசேகர நாயக்கர் மறைந்ததும் பசப்பா என்னும் சிறுவனைத் தத்தெடுத்து ஆண்டார். சொக்கநாத நாயக்கரின் மனைவியான மங்கம்மாள், மகனும் அம்மை நோயில் இறந்துவிட, 1689இல் கைக்குழந்தையான பேரனின் பெயரால் மதுரை நாட்டை ஆளத் தொடங்கினார். அப்போது தலைநகர் திருச்சிராப்பள்ளி.

ஒரு பாலம் எத்தகையது என்பதை அது தாங்கிய சுமையைக் கொண்டே சொல்வோம். இருவர் மீதும் ஏறிய சுமை ஒன்றே. அது ஔரங்கசீப்பின் படை. 1689இல் சிவாஜியின் மகன் ராஜாராம் மொகலாயரிடமிருந்து தப்பித் தெற்கே வந்தபோது, சென்னம்மா அவருக்கு அடைக்கலம் தந்து வழியனுப்பினார். அதற்காகப் படையெடுத்து வந்த மொகலாயரை எதிர்த்து நின்று, பின் சமாதானம் செய்துகொண்டார்.

ராஜாராம் போய்ச் சேர்ந்த இடம் நம் செஞ்சிக் கோட்டை. அவரைத் தேடி மொகலாயப் படையும் தமிழ்நாட்டுக்கு வந்தது. செஞ்சி முற்றுகை 1698 வரை நீடித்தது. அருகில் நின்ற அந்தப் பெரும்படையோடு மங்கம்மாள் மோதவில்லை. கப்பம் கட்டினார். அதனால் அவர் நாட்டு வயல்களில் மொகலாயக் குதிரைகள் இறங்கவில்லை.

எதிர்த்தவர் வீரர், கப்பம் கட்டியவர் கோழை என்று சொல்லலாமா? சென்னம்மாவுக்கு மலையும் காடும் அரணாக இருந்தன. மங்கம்மாளுக்கு இருந்ததோ சமவெளி. மங்கம்மாளும் போருக்கு அஞ்சியவர் அல்லர். திருவிதாங்கூர் மீது படையனுப்பி வென்றார். 1702இல் கிழவன் சேதுபதியிடம் தோற்றார்.

காவிரி

மைசூரின் சிக்க தேவராஜ உடையார் இருவருக்கும் அண்டை அரசர். 1700ஐ ஒட்டி அவர் காவிரியின் குறுக்கே அணை கட்ட, மங்கம்மாளும் தஞ்சை மராட்டிய அரசரும் சேர்ந்து படையெடுக்க முனைந்தனர். அதற்குள் வெள்ளம் வந்து அணையை உடைத்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். காவிரி என்றாலே நம் வீடுகளில் இன்றும் குரல் தாழ்கிறது. முந்நூறு ஆண்டுப் பழைய சங்கதி இது என்று பிள்ளைகள் அறிவது நல்லது.

மக்கள் மனத்தில்

சென்னம்மாவுக்குப் பின் பசப்பா அரசரானார். மங்கம்மாளோ, பேரன் வளர்ந்ததும் எழுந்த பிணக்கில், சிறையில் பட்டினியால் இறந்தார் என்று மக்கள் வழிவழியாகச் சொல்கின்றனர். ஆனால் அவர் பெயர் அழியவில்லை. மதுரை ரயில் நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலை இருக்கிறது. அவருடைய தமுக்கம் அரண்மனையில் காந்தி அருங்காட்சியகம் இயங்குகிறது. வீரச்செயல் புரியும் சிறுமியருக்குக் கர்நாடக அரசு தரும் விருது கேளடி சென்னம்மா பெயரில் உள்ளது. ஒருவர் துணிவுக்காகவும் மற்றவர் சோறும் நிழலும் தந்ததற்காகவும் நினைக்கப்படுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி, "இந்த மண்ணில் பிறந்தவள் நீ, வீட்டில் பேசுவது தமிழ். இருவருமே உன் ராணிகள்தான்" என்றேன். மறுநாள் மாலை அந்தத் தோழியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "தாத்தா, மங்கம்மாள் கதையை இவளுக்குக் கன்னடத்தில் சொல்லுங்கள்."

என் ரயில்வே கன்னடத்தில் சத்திரம் வரை சொல்லி முடித்தேன். அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: "அங்கே எல்லாருக்கும் சோறு போடுவார்களா, அஜ்ஜா?"

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: இரு கதைகளையும் இரு மொழிகளிலும் பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள்.