மேகத்தில் ஒரு வணிகம்

2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவின் நெட்ஃபிலிக்ஸ் நிறுவனம் அப்போது பெரும்பாலும் அஞ்சல்வழித் திரைப்பட வாடகைக் கடையாகவே இருந்தது. வாடிக்கையாளர் இணையத்தில் படத்தைத் தேர்ந்தெடுப்பார். சிவப்பு உறைக்குள் டிவிடி வட்டு வீடு தேடி வரும். யார், எந்தப் படத்தைக் கேட்டார், எந்த வட்டைத் திருப்பி அனுப்பினார் என்ற விவரங்கள் எல்லாம் நிறுவனத்தின் சொந்தத் தரவு மையத்தில் இருந்த ஒரு பெரிய தரவுத்தளத்தில் பதிவாகியிருந்தன. அந்த மாதத்தில் ஒரு நாள் அத்தரவுத்தளம் சிதைந்துபோனது. மூன்று நாள்களுக்கு வாடிக்கையாளர்களுக்கு வட்டுகளை அனுப்ப முடியவில்லை. கிடங்கில் வட்டுகள் குவிந்திருந்தும் எதை யாருக்கு அனுப்புவது என்று சொல்ல வேண்டிய ஏடு மட்டும் இல்லை.

ஒற்றைத் தூணின் மேல் முழு வீட்டையும் கட்டியிருந்ததே அதற்குக் காரணம் என்பதை நிறுவனத்தார் உணர்ந்தனர். அதன்பின், தம் அமைப்புகளை மேகக் கணிமைக்கு மாற்றுவதென்று முடிவெடுத்தனர்.

மேகக் கணிமை என்றவுடன் வானத்தில் எதுவோ மிதப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது தரையில் நிற்கும் கட்டடம்தான். உள்ளே சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு இடைவிடாத மின்சாரமும் குளிரூட்டலும் தேவை. இக்கணினிகளின் ஆற்றலை இணையத்தின்வழி வாடகைக்கு விடுவதே மேகக் கணிமை. பள்ளி விடுமுறையில் சுற்றுலா செல்லும் குடும்பம் பேருந்து ஒன்றை விலைக்கு வாங்குவதில்லை. வேண்டிய நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. விழாக்கால விற்பனையின்போது இருநூறு வழங்கிகளைப் பயன்படுத்தும் ஒரு கடை, விழா முடிந்ததும் இருபதைத் தவிர மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால், திருப்பிக் கொடுக்க மறந்தால் வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் பயன்படுத்தாத வழங்கிக்கு மாதக்கணக்கில் பணம் கட்டும் நிறுவனங்கள் உண்டு. அதனால்தான், செலவுக் கணக்கை அன்றாடம் பார்ப்பதும் மேக அமைப்பை நிர்வகிப்போரின் வேலையாகிவிட்டது.

அமேசான் நிறுவனத்தின் மேகச் சேவையை நெட்ஃபிலிக்ஸ் தேர்ந்தெடுத்தது. இடம் மாறுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. பழைய வீட்டுப் பொருள்களை அப்படியே லாரியில் ஏற்றிப் புதிய வீட்டில் இறக்குவது ஒன்று. இது விரைவானது, ஆனால், பழைய குறைகளும் அதே லாரியில் ஏறி வந்துவிடும். மற்றொன்று, எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது. நெட்ஃபிலிக்ஸ் கடினமான இரண்டாம் வழியில் சென்றது. ஒரே பெரிய மென்பொருளாக இருந்ததை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரித்தது. படங்களைப் பரிந்துரைக்க ஒரு சேவை, தேடலுக்கு ஒரு சேவை என ஒவ்வொன்றும் தனித்து இயங்கியது. பரிந்துரைச் சேவை பழுதானால் பரிந்துரைப் பட்டியல்தான் குறையும், படம் ஓடிக்கொண்டிருக்கும். கட்டணம் வசூலிக்கும் பகுதி கடைசிக் கட்டத்தில்தான் இடம் மாறியது. பணத்தோடு தொடர்புடையதை அவசரப்பட்டு மாற்ற எவரும் துணிய மாட்டார். இந்த இடமாற்றம் முழுமையாக முடிய ஏழு ஆண்டுகள் பிடித்தன. 2016ஆம் ஆண்டு ஜனவரியில்தான் நிறைவுற்றது. அதே மாதம் 6ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர் உட்பட 130க்கும் மேற்பட்ட நாடுகளில் நெட்ஃபிலிக்ஸ் ஒரே நேரத்தில் அறிமுகமானது.

மேகச் சேவை நிறுவனங்கள் உலகைப் பல வட்டாரங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. அமேசான் 2010ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் 2024ஆம் ஆண்டு மலேசியாவிலும் தன் வட்டாரங்களைத் தொடங்கியது. ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் ஒன்றையொன்று சாராத பல மண்டலங்கள் இருக்கும். ஒரு மண்டலத்தில் மின்சாரம் போனாலும் மற்றொன்று இயங்கும். எனவே, வணிக அமைப்பை நிறுவுபவர் அதன் நகல்களை இரண்டு மூன்று மண்டலங்களில் வைப்பது வழக்கம். அப்படி வைத்தது உண்மையிலேயே கைகொடுக்குமா என்பது வேறு கேள்வி. அதைச் சோதிக்க நெட்ஃபிலிக்ஸ் பொறியாளர்கள் ஒரு விந்தையான கருவியை உருவாக்கினர். அதன் பெயர் ‘கேயாஸ் மங்கி’. குழப்பக் குரங்கு என்று சொல்லலாம். தோப்புக்குள் புகுந்த குரங்கைப்போல், இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கிகளில் ஏதாவது ஒன்றை அது திடீரென்று நிறுத்திவிடும். சோதனைக் கூடத்தில் அன்று, வாடிக்கையாளர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும் உண்மையான அமைப்பிலேயே அது நடக்கும். அலுவலக நேரத்தில், பொறியாளர்கள் விழிப்பாக இருக்கும்போதே குரங்கு அவிழ்த்து விடப்பட்டது. நள்ளிரவில் தானாக வரக்கூடிய பழுதைப் பட்டப்பகலில் வரவழைத்துப் பார்ப்பதே நோக்கம்.

ஆயினும், குரங்கு தொடாத இடத்திலிருந்து ஆபத்து வந்தது.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள். குடும்பங்கள் தொலைக்காட்சியின் முன் கூடும் மாலை. அமெரிக்கா, கனடா, லத்தீன் அமெரிக்க நாடுகளில் தொலைக்காட்சியோடு இணைந்த பல கருவிகளில் நெட்ஃபிலிக்ஸ் இயங்கவில்லை. பழுது நெட்ஃபிலிக்ஸின் மென்பொருளில் இல்லை. அமேசானின் அமெரிக்கக் கிழக்கு வட்டாரத்தில் இருந்தது. ‘லோட் பேலன்சர்’ எனப்படும் சுமைப் பங்கீட்டு அமைப்பே பழுதடைந்திருந்தது. அஞ்சலகத்தில் வரும் கூட்டத்தை வெவ்வேறு முகப்புகளுக்குப் பிரித்து அனுப்பும் ஊழியரைப்போல், இணையத்தில் வரும் கோரிக்கைகளை எந்த வழங்கிக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது இவ்வமைப்பு. அவர் வழி மாற்றிக் காட்டினால், முகப்புகள் திறந்திருந்தும் பயனில்லை.

அந்நாளில் பொறியாளர்கள் பழுதைத் தேடிய விதம் கவனித்துப் படிக்கத்தக்கது. பசிபிக் நேரப்படி பகல் 12.24க்குச் சிக்கல் தொடங்கியது. முதலில் தென்பட்டவை சில கட்டளைகள் தோல்வியுறுவதைக் காட்டும் பிழைச் செய்திகள் மட்டுமே. ஆகவே, கட்டளைகளைப் பெறும் பகுதியில்தான் கோளாறு என்று கருதி அங்கேயே தேடினர். ஆனால், ஒரு செய்தி அவர்களைக் குழப்பியது. வாடிக்கையாளர்களால் புதிய சுமைப் பங்கீட்டு அமைப்புகளை உருவாக்க முடிந்தது. ஏற்கெனவே இருந்தவற்றைத்தான் நிர்வகிக்க முடியவில்லை. புதியது வேலை செய்கிறது, பழையது செய்யவில்லை. கருவி பழுதானால் இரண்டும் அல்லவா பழுதாக வேண்டும்? இந்த வேறுபாடுதான் முக்கியமான துப்பு. தேடல் ஆழமானபோது உண்மை தெரிந்தது. பழைய அமைப்புகளைப் பற்றிய குறிப்புகளில் ஒரு பகுதி அழிந்துபோயிருந்தது. ஒரு பராமரிப்பு வேலைக்கான செயல்முறை, தவறுதலாக உண்மையான பயன்பாட்டில் இருந்த தரவின்மீது இயக்கப்பட்டிருந்தது.

நோயைக் கண்டதும் பொறியாளர்கள் உடனே மருந்து கொடுக்கவில்லை. முதலில் அது பரவாமல் தடுத்தனர். குறிப்பு இல்லாத அமைப்பு அப்படியே விடப்பட்டால் ஓடிக்கொண்டிருக்கும். அதை விரிவாக்கவோ மாற்றவோ முயலும்போதுதான் கெடும். ஆகவே, மாலை 5 மணியளவில் அத்தகைய தானியங்கி வேலைகளை நிறுத்திவைத்தனர். அதற்குள் அவ்வட்டாரத்தில் இயங்கிய சுமைப் பங்கீட்டு அமைப்புகளில் 6.8 விழுக்காடு பாதிக்கப்பட்டிருந்தது. பிறகு, அழிவதற்கு முன்பு எடுக்கப்பட்ட நகலிலிருந்து தரவை மீட்க முயன்றனர். பல மணி நேரம் உழைத்தும் முதல் முறை பலிக்கவில்லை. மாற்று முறை ஒன்றைக் கையாண்டு, மறுநாள் முற்பகலில்தான் பெரும்பாலான அமைப்புகளை வழக்க நிலைக்குக் கொண்டுவந்தனர். கிறிஸ்துமஸ் இரவு முழுவதும் அவர்களுக்குத் திரையின் முன்னேயே கழிந்தது.

அமேசான் நடந்ததை விரிவாக எழுதி வெளியிட்டது, மன்னிப்பும் கேட்டது. அவ்வறிக்கையில் அந்தப் பணியாளரின் பெயர் இல்லை. இது சரியான நடைமுறையே. ஒருவரைச் சுட்டிக்காட்டித் திட்டிவிட்டால் அடுத்தவர் தம் தவற்றை மறைக்கவே கற்றுக்கொள்வார். அதற்குப் பதிலாக, பயன்பாட்டில் உள்ள தரவைத் தொடுவதற்கு ஒவ்வொரு முறையும் தனி ஒப்புதல் பெற வேண்டும் என்று விதி மாற்றப்பட்டது. நெட்ஃபிலிக்ஸோ, ஒரு வட்டாரத்துக்குள் பல மண்டலங்களில் இருந்தால் போதாது என்பதைக் கண்டு, பல வட்டாரங்களில் ஒரே நேரத்தில் இயங்கும் ஏற்பாட்டைச் செய்தது.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் அதே வட்டாரத்தில் வேறொரு சேவை ஏறக்குறைய நான்கு மணி நேரம் தடைப்பட்டது. சில வழங்கிகளை மட்டும் நீக்க இட்ட கட்டளையில் ஒரு பிழை. நிறைய வழங்கிகள் நீங்கிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், சேவையின் நிலையை மக்களுக்குக் காட்டும் பலகையை இயக்கும் பகுதியும் பழுதான அதே சேவையைச் சார்ந்திருந்தது. அதனால், வீடு எரியும்போதும் பலகையைச் சிறிது நேரம் மாற்ற முடியவில்லை.

இவையெல்லாம் தொலைதூரத்தில் நடந்தவை என்று எண்ணிவிட முடியாது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகலில், சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய வங்கிகளின் சேவைகள் நின்றுபோயின. அவை பயன்படுத்திய தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் பணி நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் தவறான சமிக்ஞை ஒன்றை அனுப்ப, குளிர்நீர்த் தொட்டிகளின் அடைப்பிதழ்கள் மூடிக்கொண்டன. அறை சூடேறியது, கணினிகள் நின்றன. ஏறத்தாழ 25 இலட்சம் பணப் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. வங்கிகளின் மின்னிலக்கச் சேவைக்குள் நுழைய மக்கள் செய்த முயற்சிகளில் 8 இலட்சத்து 10 ஆயிரம் தோல்வியடைந்தன. கடையில் பொருளை எடுத்துவிட்டுப் பணம் செலுத்த முடியாமல் நின்றவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இரு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு மையங்கள் இருந்தன. அவற்றை உடனே இயக்கவும் செய்தன. ஆனால், ஒன்றில் வலையமைப்பு சரியாக அமைக்கப்படவில்லை. மற்றொன்றில் இணைப்புச் சிக்கல். ஆதலால், தேவைப்பட்ட நேரத்தில் அவை முழுமையாக உதவவில்லை. சேவைகள் மறுநாள்தான் முழுமையாக மீண்டன. அவ்வாண்டில் டிபிஎஸ் வங்கிக்கு இத்தகைய தடை பல முறை ஏற்பட்டிருந்ததால், ஆறு மாதங்களுக்கு அவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்கள் எதையும் செய்யக்கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் நவம்பர் மாதம் அவ்வங்கிக்கு உத்தரவிட்டது.