ராடை இறுக்குமுன்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. "பி-275 டிராக்டருக்கு பிரேக் சரியாப் பிடிக்கலை மாமா, ராடை ரெண்டு சுத்து இறுக்கிட்டேன், இப்பப் பரவாயில்லை" என்று நேற்று போனில் சொன்னாய். அந்தப் 'பரவாயில்லை'தான் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை. பேசினால் பாதி மறந்துபோகும் என்று எழுதுகிறேன். வண்டியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

உன் வயதில் நானும் அப்படித்தான் இறுக்கினேன். நெல் மூட்டையோடு ஆற்றங்கரைச் சரிவில் இறங்கும்போது பெடலை மிதித்தேன். இடது சக்கரம் பிடித்தது, வலது பிடிக்கவில்லை. வண்டி இடப்பக்கம் இழுக்க, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளியது. கரையோரப் பனைமரம் தடுத்ததால்தான் மூட்டைமேல் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பிரித்துப் பார்த்தால் வலப்பக்க லைனிங் முழுக்க எண்ணெய். ராடை எத்தனை சுற்று இறுக்கினாலும் அது பிடித்திருக்காது.

டிஸ்க் பிரேக் என்றதும் காரில் இருப்பதை நினைத்துக்கொள்ளாதே. இதில் பிரேக் ஆயிலே கிடையாது. டிஃபரன்ஷியலிலிருந்து வரும் ஷாஃப்ட்டில், பக்கத்துக்கு இரண்டு லைனிங் டிஸ்க். அவற்றுக்கு நடுவே ஜோடியாக இரும்புத் தட்டு. தட்டுகளுக்கிடையே சரிவான பள்ளங்களில் ஸ்டீல் குண்டுகள். பெடல் ராடை இழுத்ததும் தட்டுகள் எதிரெதிராகத் திரும்பும். குண்டுகள் சரிவில் ஏறித் தட்டுகளை விரிக்கும்; டிஸ்க் நெருக்குண்டு நிற்கும். சுழலும் டிஸ்க்கே தட்டைத் தன்னோடு இழுத்துப் பிடியை இறுக்குவதால்தான் காலின் பலம் போதுமானதாக இருக்கிறது.

இனி நோயைத் தேடு. மேடுபள்ளமில்லாத களத்தில், டிரெய்லர் இல்லாமல், மெதுவாக ஓட்டு. இடது, வலது சக்கரங்களுக்கான இரண்டு பெடலையும் சேர்க்கும் கொக்கியை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக மிதி. எந்தப் பக்கம் சோர்வு என்று தெரிந்துவிடும். பெடல் ஆழமாகப் போனால் லைனிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ராடின் பின்னும் துளையும் தேய்ந்து ஆட்டம் கூடியிருக்கலாம். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் லைனிங்கில் எண்ணெய், ஈரம், அல்லது கண்ணாடிபோல் மினுக்கம். மிதித்த பெடல் எழும்பி வராவிட்டால் பெடல் ஷாஃப்ட்டிலோ குண்டுப் பள்ளத்திலோ துரு. இல்லையேல் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மிதிக்காமலே ஒரு பக்க ஹவுசிங் சுட்டால் நீ அளவுக்கு மேல் இறுக்கிவிட்டாய் என்று அர்த்தம். லைனிங் உரசிக்கொண்டே ஓடிக் கருகும்.

நம் டெல்டாப் பக்கம் சேற்றுழவில் வண்டி அரைச் சக்கரம் முங்க நிற்கிறது. தண்ணீரும் சேறும் உள்ளே போய்த்தான் இந்தத் துருவெல்லாம். உழவு முடிந்ததும் நின்றபடியே விட்டுவிடாமல், லேசாக மிதித்து மிதித்து ஓட்டி உலர்த்து.

பிரிக்கும்போது சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடு. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாதே, ஈரத்துணியால் துடை. எண்ணெய் தெரிந்தால் முதலில் ஆயில் சீலை மாற்று. பின்பக்க டிஃபரன்ஷியல் பெட்டியில் ஆயில் அளவு மீறியிருக்கிறதா, காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்றும் பார். இதை விட்டுவிட்டு லைனிங்கை மட்டும் மாற்றினால் புதுசும் சில நாளில் நனைந்துவிடும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ தீயில் காட்டியோ பிழைக்க வைக்கப் பார்க்காதே. குண்டிலோ பள்ளத்திலோ குழி விழுந்திருந்தால் தட்டையும் மாற்று. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்று. இல்லாவிட்டால் பிடி சமமாக இராது.

கடைசியாகத்தான் ராடு. வண்டியின் கையேட்டில் சொன்ன ஆட்டத்தை இரு பெடலுக்கும் ஒரே அளவாக வைத்து, செக்நட்டைப் பூட்டு. கொக்கியைப் போட்டு வெற்று வண்டியில் ஓட்டிப் பார். இரு சக்கரமும் ஒருசேர நிற்க வேண்டும். ரோட்டில் கொக்கி இல்லாமல் போகவே கூடாது.

இதெல்லாம் முடியும்வரை டிரெய்லரை மாட்டாதே. களத்து நெல் இரண்டு நாள் காத்திருக்கும். மூட்டைமேல் ஆளை ஏற்றும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடு. அந்தப் பனைமரத்தடியில் நின்ற நாளிலிருந்து நான் ஏற்றியதில்லை.

அன்புடன்,
உன் மாமா