சாலையில் காயமா? எப்படி நடந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் ரோட்டில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தேக்காவுக்குப் பொருள் வாங்க வருவோர், நண்பர்களைச் சந்திக்கும் வெளிநாட்டு ஊழியர்கள், சைக்கிளோட்டிகள், பேருந்துகள், டாக்சிகள் என எல்லாரும் அங்கே இருப்பார்கள். வாகனம் மோதினால் அதிகம் அடிபடுவது நடப்பவரும் சைக்கிளோட்டியும்தான்.

காயத்துக்குச் சிகிச்சை அளித்தால் ஒருவர் குணமடைவார். அதே இடத்தில் இன்னொருவர் அடிபடாமல் தடுக்க, விபத்து எங்கே, எப்படி நடந்தது என்பது தெரிய வேண்டும்.

காயங்கள் எங்கே பதிவாகின்றன?

• போக்குவரத்துக் காவல்துறை: தன்னிடம் தெரிவிக்கப்பட்ட விபத்துகளைப் பதிவு செய்கிறது.
• மனிதவள அமைச்சு: வேலையின்போது ஏற்பட்ட காயங்களை முதலாளிகள் இதற்குத் தெரிவிக்க வேண்டும்.
• மருத்துவமனைகள்: 2011இல் தொடங்கிய தேசியக் காயப் பதிவேடு, பொது மருத்துவமனைகளிலிருந்து விவரங்களைத் திரட்டுகிறது.

ஒவ்வொன்றும் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். மழையில் சைக்கிள் சறுக்கித் தனியாக விழுந்தவர் பெரும்பாலும் காவல்துறையிடம் போவதில்லை. அந்தக் காயம் மருத்துவரின் குறிப்பில் மட்டுமே இருக்கும்.

ஒரு சொல் விடுபட்டால் என்ன ஆகும்?

நோய்களையும் காயங்களையும் வகைப்படுத்த உலகச் சுகாதார நிறுவனம் குறியீடுகளை வகுத்துள்ளது. அதன் 10ஆம் பதிப்பில், சாலையில் நடந்து சென்றபோது அடிபட்டவருக்கு வி01 முதல் வி09 வரை. சைக்கிளோட்டிக்கு வி10 முதல் வி19 வரை. எதன்மீதும் மோதாமல் சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கு வி18.

“கீழே விழுந்துவிட்டேன்” என்று மட்டும் நீங்கள் சொன்னால், அது குளியலறையில் வழுக்கி விழுந்தவர்களின் கணக்கில் சேர்ந்துவிடலாம். “சைக்கிளில் போனபோது விழுந்தேன்” என்று சொன்னால் சரியான கணக்கில் சேரும்.

இந்தக் கணக்கால் என்ன பயன்?

மூத்தோர் அதிகம் வசிக்கும், மூத்தோர் சம்பந்தப்பட்ட விபத்துகள் கூடுதலாக நடக்கும் இடங்களைப் பார்த்தே 2014 முதல் ‘சில்வர் ஸோன்’ வட்டாரங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அங்கே வாகன வேகம் குறைக்கப்படுகிறது. சாலையைக் கடக்கும் மூத்தோர் நடுவில் நின்று இளைப்பாறவும் இடம் உண்டு. பதிவாகாத விபத்து இத்தகைய முடிவுகளில் இடம்பெறாது.

மருந்தகத்தில் சொல்ல வேண்டிய ஐந்து விவரங்கள்

1. நடந்தீர்களா, சைக்கிளில் சென்றீர்களா?
2. எது மோதியது? கார், லாரி, சைக்கிளா? எதுவும் மோதவில்லையா?
3. எந்த இடம்? சாலையின் பெயர், அருகிலுள்ள கட்டடம் அல்லது பேருந்து நிறுத்தம்.
4. எத்தனை மணி? மழையா, இருட்டா?
5. தலைக்கவசம் அணிந்திருந்தீர்களா? வேலை நிமித்தம் சென்றீர்களா?

ஆங்கிலத்தில் சொல்வது கடினமாக இருந்தால், தமிழ் தெரிந்த தாதியின் உதவியைக் கேளுங்கள். வேலையின்போது அடிபட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். இழப்பீடு கோரும்போது மருத்துவக் குறிப்பு உங்களுக்குத் துணைநிற்கும்.

உடனே 995ஐ அழையுங்கள்

தலையில் அடிபட்ட பிறகு மயக்கம், தொடர்ந்து வாந்தி, குழப்பம், கடும் தலைவலி, கைகால் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர், தலையில் இலேசாக அடிபட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்குக்குக் காத்திருங்கள். சாலையில் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது 2019 முதல் கட்டாயம். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள்.