நாற்காலியிலும் ஆடத் தெரியவேண்டும்
ஸ்நூக்கர் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளைகளுக்கு

கிளப்பில் ஒரே மூச்சில் ஐம்பது புள்ளி எடுக்கிற பிள்ளைகள், முதல் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேறுவதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். அவர்கள் கையில் குறை இல்லை. எதிராளி ஆடும் நேரத்தை என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். தேக்கா பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இந்த வருடம் பெயர் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. உட்காரப் பழகுங்கள். பூப்பந்தில் எதிராளி அடிப்பதைத் திருப்பி அடிக்கலாம், கால்பந்தில் குறுக்கே ஓடலாம். ஸ்நூக்கரில் அவர் தவறும்வரை உங்களுக்கு நாற்காலிதான். ஒரு போட்டியில் ஏறக்குறைய பாதி நேரம் அதில்தான் போகும். 2017 மார்ச்சில் பெண்களுக்கான உலக ஸ்நூக்கர் போட்டி நம் ஊரிலேயே, தோ பாயோ லகூன் பில்லியர்ட்ஸ் அறையில் நடந்தது. தேக்காவில் ஏறி நியூட்டனில் ரயில் மாறினால் அடுத்த இரண்டாவது நிலையம். இறுதியாட்டத்தில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயும் இந்தியாவின் வித்யா பிள்ளையும் மோதினார்கள். முதலில் 6 ஃபிரேம் எடுப்பவருக்குப் பட்டம். ஆட்டம் 5-5 வரை போய், பதினொன்றாவது ஃபிரேமில் இங் ஆன் யீ வென்றார். அத்தனை ஃபிரேம்கள் ஆடிய பிறகும் இருவரில் யாருடைய மனமும் கலையவில்லை என்பதைத்தான் அந்த எண்ணிக்கை எனக்குச் சொல்கிறது. உலகப் பட்டத்துக்கு ஒரே ஒரு ஃபிரேம் தூரத்தில் நின்ற பெண்ணைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசாதது எனக்கு இன்றுவரை வருத்தம்.

2. நாற்காலியில் இருக்கும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காதீர்கள். துணியைப் பாருங்கள். குஷனில் பட்ட பந்து எவ்வளவு தூரம் திரும்புகிறது, எந்தப் பாக்கெட் பந்தை ஏற்காமல் துப்புகிறது, மெதுவாக உருட்டிய பந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையெல்லாம் அவர் காசில்லாமல் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். அவர் குறிபார்க்கும் கோட்டுக்கு நேரே உங்கள் நாற்காலி இருந்தால் அசையாமல் இருங்கள். அது மரியாதை மட்டுமல்ல, விதியும்கூட.

3. கூட்டல் கழித்தல் தெரியாமல் கை கொடுத்துவிடாதீர்கள். கடைசிச் சிவப்பும் அதோடு சேர்ந்த வண்ணமும் விழுந்தபின் மேசையில் மிச்சமிருப்பது 27 புள்ளி: மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. நீங்கள் 30 புள்ளி பின்தங்கியிருந்தால் பல பிள்ளைகள் எழுந்து கைகுலுக்கிவிடுகிறார்கள். ஒரே ஒரு ஸ்நூக்கர் வைத்து எதிராளியைத் தவற வைத்தால் உங்களுக்குக் குறைந்தது 4 புள்ளி. அப்போது 26 தான் இடைவெளி, மேசையிலோ 27 இருக்கிறது. 31 பின்தங்கியிருந்தாலும் அந்த நான்கோடு சமன் செய்து, கறுப்பை மறுபடி அதன் புள்ளியில் வைத்து ஆட வைக்கலாம். இந்தக் கணக்கையும் நாற்காலியில் இருக்கும்போதே போட்டு முடித்துவிடுங்கள். மேசைக்கு வந்தபின் விரல்விட்டு எண்ண நேரம் கிடைக்காது.

4. சேஃப்டி ஆட வெட்கப்படாதீர்கள். போட முடியாத பந்தைப் போடப் பார்ப்பது தைரியம் என்று கிளப்பில் கைதட்டுவார்கள். போட்டியில் அது எதிராளிக்கு நீங்கள் கொடுக்கும் அன்பளிப்பு. வெள்ளைப் பந்தை மஞ்சள், பச்சை, பழுப்புக்குப் பின்னால், கீழ்க் குஷனை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்தவர் பாதி ஃபிரேமை வென்றவர். இதற்கு நல்ல பள்ளி பழைய பில்லியர்ட்ஸ். மூன்றே பந்து, ஆனால் ஒவ்வொரு அடியிலும் வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று யோசித்தே தீரவேண்டும். இங்கிலாந்தில் பிறந்து சிங்கப்பூருக்காக ஆடும் பீட்டர் கில்கிறிஸ்ட், 2007இல் ஒரே பிரேக்கில் 1,346 புள்ளி எடுத்து உலக சாதனை படைத்தவர். அப்படிப்பட்டவர் இருக்கும் ஊரில் பில்லியர்ட்ஸைக் கிழவர்கள் ஆட்டம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

5. நம் ஊர்க் காற்றை மறக்காதீர்கள். சிங்கப்பூரின் ஈரம் துணியில் இறங்கினால் பந்து கனத்து ஓடும், ஓட்டம் சீக்கிரம் அடங்கிவிடும். பெரிய போட்டிகளில் மேசையின் கற்பலகைக்கு அடியில் சூடேற்றி துணியை உலர வைப்பார்கள். அங்கே பந்து வழுக்கிக்கொண்டு போகும், நீங்கள் பழகிய அதே அடிக்கு ஒரு முழம் தாண்டிப் போய் நிற்கும். முதல் இரண்டு ஃபிரேமுக்குள் வேகத்தைப் பிடிக்காதவர் அதற்குப்பின் பிடிப்பது கஷ்டம்.

6. உங்கள் சட்டைக் கை பந்தில் உரசினால் நீங்களே சொல்லிவிடுங்கள். நடுவர் பார்த்தாரா என்று திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

7. பணம் வைத்து ஆடாதீர்கள். தோற்றவர் மேசைக் காசு கட்டுவது பழைய வழக்கம், அதை நான் குறை சொல்லமாட்டேன். அதற்குமேல் ஒரு வெள்ளியும் வேண்டாம். 2023இல் ஆட்டத்தை விற்ற விவகாரத்தில் சீன ஆட்டக்காரர்கள் 10 பேருக்குத் தடை விதித்தார்கள். லியாங் வென்போவுக்கும் லி ஹாங்குக்கும் ஆயுள் தடை. ஜாவ் ஷின்தோங் தன் ஆட்டம் எதையும் விற்காதவர். ஆனாலும் இன்னொருவர் செய்ததற்கு உடந்தையாக இருந்ததற்கும், ஸ்நூக்கரில் பந்தயம் கட்டியதற்கும் அவருக்கு 20 மாதத் தடை. திரும்பி வந்து 2025இல் ஷெஃபீல்டில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று, தொழில்முறை உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியர் ஆனார். இருபதுகளின் நடுவில் இருக்கும் ஒரு கைக்கு அந்த 20 மாதம் எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசியுங்கள். எல்லோருக்கும் திரும்பி வர வழி கிடைப்பதில்லை.

8. ஏணி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களின் தரவரிசை, இரண்டு வருடத்தில் தரவரிசைப் போட்டிகளில் அவர்கள் சம்பாதித்த பரிசுத் தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. முதல் 64 பேருக்குள் இருந்தால் இடம் நிலைக்கும். புதிதாக நுழைய கியூ ஸ்கூல் என்ற தகுதிச் சுற்று உண்டு. ஆசிய, ஓஷியானியா வட்டாரத்துக்கான சுற்று 2022இல் பாங்காக்கில் தொடங்கியது, நமக்கு அதுதான் பக்கம். நுழைந்த பிறகுதான் உண்மையான சோதனை. போட்டிகளில் பெரும்பகுதி பிரிட்டனில் நடக்கும், விமானச் செலவும் அறை வாடகையும் உங்கள் தலையில். இந்தியாவின் பங்கஜ் அத்வானி போன்ற மேதையே இரண்டு பருவம் ஆடிப் பார்த்துவிட்டு 2014இல் அந்த இடத்தை விட்டு ஊர் திரும்பினார். அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆதித்ய மேத்தா 2013இல் டெல்லியில் நடந்த இந்தியன் ஓபன் இறுதியில் டிங் ஜுன்ஹுயியிடம் 0-5 என்று தோற்றார். ஆனால் ஒரு தரவரிசைப் போட்டியின் இறுதிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். முதல் சுற்றில் தோற்று வீடு திரும்பும் இரவில் இந்த இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

9. பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஸ்நூக்கர் கூடம் பெண்பிள்ளைகள் போகிற இடமில்லை என்று இன்னமும் சொல்கிறீர்கள். இந்த ஆட்டம் 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் பிறந்து, ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்டு வளர்ந்தது. அன்று ஆங்கிலேய அதிகாரிகளுக்கு மட்டுமே திறந்திருந்த கதவு அது. இன்று சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில், ஐபிஎஸ்எஃப் (அனைத்துலக பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் சம்மேளனம்) நடத்திய பெண்கள் உலகப் போட்டியின் இறுதியில் அதே இங் ஆன் யீயை 3-2 என்று வென்று பட்டம் வாங்கியிருக்கிறார். மகள் கியூ கேட்டால் வாங்கிக் கொடுங்கள். முதல் சில வாரம் கூடவே போய் உட்காருங்கள்.

10. தேசிய சேவைக்குப் போகும் தம்பிகளுக்கு. பதினெட்டு வயதில், கை நன்றாகப் பழுத்துவரும் நேரத்தில் இரண்டு வருடம் போகிறதே என்று கலங்குகிறீர்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் விடுப்பு கிடைக்கும் சனி, ஞாயிறில் மூன்று ஃபிரேம் அவசரமாக ஆடிவிட்டு ஓடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேசை எடுங்கள், சிவப்புப் பந்துகளைத் தொடவே வேண்டாம். வெள்ளையைப் பழுப்பின் புள்ளியில் வையுங்கள். நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு ஆகியவற்றின் புள்ளிகள் மேல் நேராக அனுப்பி, மேல் குஷனில் பட்டு உங்கள் கியூவின் நுனிக்கே திரும்பி வரச் செய்யுங்கள். இடப்பக்கம் விலகி வந்தால் எங்கே கோணுகிறது என்று பாருங்கள். தோளா, மணிக்கட்டா, கண்ணா? அடுத்த விடுப்பில் அந்த ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள்.